கையின் நிழல் எங்கே விழுகிறது?

வீட்டில் ஒரு சின்னப் பட்டறை போட நினைப்பவர் முதலில் டிரில் வாங்குவார். பிறகு கிரைண்டர், ஜிக்சா, நல்லதாக ஒரு வைஸ். வெளிச்சத்தைப் பற்றி யோசிக்க மாட்டார். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே! கார் ஷெட்டோ, பின்கட்டு வராந்தாவோ, மொட்டை மாடித் தகரக் கொட்டகையோ, வீடு கட்டிய காலத்திலேயே எலக்ட்ரீஷியன் ஒரு பக்கச் சுவரின் உச்சியில் டியூப்லைட் பாயிண்ட் ஒன்று வைத்துவிட்டுப் போயிருப்பார். மேசை போட இடம் கிடைப்பது பெரும்பாலும் எதிர்ச் சுவரோரம். ஆக, வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு, முன்னால் அவருடைய நிழல், நிழலுக்குள் பென்சில் கோடு, கோட்டின் மேல் ரம்பம்.

வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால், அதே சுவரில் இன்னொரு டியூப்லைட் மாட்டுவதுதான் வழக்கம். அறை பளிச்சென்று ஆகும். ஆனால் மேசையில் நிழலுக்கு உள்ளே இருக்கும் வெளிச்சமும் வெளியே இருக்கும் வெளிச்சமும் சேர்ந்தே கூடுகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே நிற்கிறது. கண்ணுக்கு அந்த விகிதம்தான் நிழலாகத் தெரிகிறது. பட்டறையைப் பொறுத்தவரை எத்தனை விளக்கு என்பது இரண்டாவது கேள்வி. விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில் வருகிறது என்பதே முதல் கேள்வி.

இருந்தாலும் எண்ணிக்கைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அது எளிது. விளக்குப் பெட்டியின் மேல் வாட் பெரிதாகவும் லூமென் சின்னதாகவும் அச்சாகியிருக்கும். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. நமக்கு வேண்டியது இவை இரண்டுமல்ல, மேசை மேல் வந்து சேரும் ஒளியின் அடர்த்தி. அதன் பெயர் லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பம்புசெட் கொட்டும் தண்ணீர் லூமென் என்றால், வயலில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது லக்ஸ். வாய்க்காலில் கசிந்ததும் மண் குடித்ததும் போகத்தான் வயலுக்கு.

10 அடிக்கு 16 அடி ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 15 சதுர மீட்டர். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று ஏறத்தாழ 2,000 லூமென் தருகிறது. வெள்ளையடித்த சுவராக இருந்தால் இதில் பாதி வேலைத் தளத்துக்கு வந்து சேரும். மீதியைச் சுவரும் கூரையும் விழுங்கிவிடும். மரத்தூளும் தூசியும் படிவதால், விளக்குக்கு வயதாவதால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு போகும். மிஞ்சுவது 800 லூமென். அதை 15 சதுர மீட்டரில் பரப்பினால் 53 லக்ஸ்.

தேவை எவ்வளவு? கட்டடங்களின் உள் வெளிச்சத்துக்கு ஐ.எஸ். 3646 என்று ஓர் இந்தியத் தர வழிகாட்டி இருக்கிறது. மரவேலைக் கூடத்தில் முரட்டு அறுப்புக்கு 200 முதல் 500 லக்ஸ், இழைப்பதற்கும் உப்புத்தாள் தேய்ப்பதற்கும் 300 முதல் 750, நுட்பமான இறுதி வேலைக்கு 500 முதல் 1,000 என்கிறது அது. ஷெட் முழுவதும் 300 லக்ஸ் வேண்டுமென்றால் நமக்கு ஆறு டியூப் தேவை. கேட்டால் அதிகமாகத் தெரியும். ஆறும் சேர்ந்து 120 வாட். எட்டு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. குண்டு பல்பு காலத்தில் இதே வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் செலவழிந்திருக்கும். பாதியில் நிறுத்திக்கொள்வது இன்றைக்கு வீண் சிக்கனம்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூசியபடியே விட்ட சிமென்ட் சுவர் கால் பங்கைத்தான் திருப்பும். ஏழாவது டியூப் வாங்கும் முன் ஒரு வாளி சுண்ணாம்பு வாங்கலாம். அப்படித் திரும்பி வரும் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் நிழலுக்குள்ளும் போய்ச் சேரும். விளக்கால் செய்ய முடியாத வேலை அது.

53 லக்ஸில் காலம் தள்ளுபவர்கள் ‘எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது’ என்பார்கள். பொய்யில்லை. நம் கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை, பெருக்கல் கணக்கில் உணர்கிறது. நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ்கூட இல்லை. இரண்டிலும் நாம் தடுமாறாமல் நடக்கிறோம். இவ்வளவு பெரிய வீச்சைச் சமாளிக்கும் கருவிக்கு 50 லக்ஸும் 300 லக்ஸும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வித்தியாசம் தெரிவது அரை மில்லிமீட்டர் பிரிவுகளைப் படிக்கும்போது.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. கண்மணி வயதோடு சுருங்குகிறது. உள்ளிருக்கும் வில்லை மஞ்சள் பாரித்துத் தடிக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் வீல் 1960-களில் கணக்கிட்டுச் சொன்னபடி, 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேர்கிறது. வீட்டுப் பட்டறை பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களின் ஆசை என்பதை நினைத்தால், வழிகாட்டி நூல்களின் எண்களை அப்படியே ஏற்காமல் மேல் எல்லையை எடுத்துக்கொள்வதே சரி.

அதிக வெளிச்சத்தால் இன்னொரு ஆதாயமும் உண்டு. ஊசியில் நூல் கோக்கப் பாட்டிமார் வாசலுக்கு வருவது ஏன்? வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது. சிறிய துளை வழியே வரும் ஒளி, வில்லை சரியாகக் குவிக்காவிட்டாலும் ஓரளவு தெளிவான பிம்பம் தரும். வெள்ளெழுத்துக்காரருக்கு நல்ல வெளிச்சம் பாதிக் கண்ணாடி. மங்கலில் படிக்க முடியாத டேப்பை வெயிலில் நீட்டினால் படிக்க முடிவது இதனால்தான்.

அதற்காக வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்துவிடாது. ஹெச்.சி. வெஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1930-களிலும் 40-களிலும் இதை அளந்தார். ஒரு பக்கம் திறந்த வளையங்களைத் தாளில் அச்சடித்து, குறிப்பிட்ட திசையில் திறப்பு உள்ளவற்றை மட்டும் தேடி அடிக்கச் சொன்னார். வெளிச்சம் கூடக் கூட வேகம் ஏறியது. பிறகு ஏற்றம் படுத்துவிட்டது. முக்கியமான முடிவு இதற்கு அடுத்தது: சின்னதாகவும் மங்கலாகவும் அச்சான வளையங்களை எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும், பெரிதாகவும் கறுப்பாகவும் அச்சானவற்றின் வேகத்தை எட்ட முடியவில்லை. ஈட்டி மரத்தில் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு விளக்கைக் குறை சொல்வதில் பயனில்லை என்று இதற்குப் பொருள். வெள்ளைப் பென்சில் ஒன்று பத்து ரூபாய்.

இனி நிழல்.

அறை முழுக்க ஆறு டியூப் போட்டாயிற்று என்றாலும், மேசைக்கு நேர் மேலே எது இருக்கிறது என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கும். ஒரு டியூப் மேசையின் நீளத்துக்கு இணையாக, மேசையின் முன் விளிம்புக்கு மேலே அல்லது அதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் அண்ணாந்து பார்த்தால் விளக்கு நெற்றிக்கு முன்னால் தெரிய வேண்டும். உச்சந்தலைக்குப் பின்னால் போய்விட்டால் தலையின் நிழல் மேசையில் விழும். வலக்கைக்காரர் என்றால் கூடுதல் விளக்கு இடப்பக்கம், இடக்கைக்காரர் என்றால் வலப்பக்கம். உளி பிடித்த கையின் நிழல் அப்போது வேலைக்கு எதிர்ப்புறம் விழும்.

டியூப் ஏன், அதே லூமென் தரும் பல்பு ஏன் கூடாது? பல்பு ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வரும் ஒளியை விரல் மறைத்தால் முழுவதும் மறைந்துவிடும். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நாலடி டியூபில் ஒரு பகுதியை விரல் மறைத்தாலும் மற்றப் பகுதி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிழல் ஓரத்தில் கரைந்து நடுவிலும் வெளிறிவிடும். அறுவைச் சிகிச்சைக் கூடத்து விளக்கில் பல விளக்குகளை அகலமான வட்டத்தில் அடுக்கியிருப்பது இதே காரணத்துக்காக. மருத்துவர் தலை குனிந்தால் ஒன்றிரண்டு மறையும், மற்றவை காயத்தைப் பார்க்கும்.

நுட்பமான வேலைக்கு மேசையிலேயே பொருத்திய வளையும் கைவிளக்கு ஒன்று அவசியம். காரணம் தொலைவு. 900 லூமென் தரும் 9 வாட் பல்பு எல்லாத் திசையிலும் ஒரேபோல் ஒளி வீசுவதாகக் கொண்டால், 2.4 மீட்டர் உயரத்திலிருந்து மேசைக்குத் தருவது 12 லக்ஸ். அதையே 60 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 200 லக்ஸ். தொலைவு நாலில் ஒன்றானதும் வெளிச்சம் பதினாறு மடங்காகிறது. உள்பக்கம் வெள்ளை பூசிய குடை ஒன்று மாட்டினால் மேலே வீணாவதும் கீழே வரும். மின்சாரம் வருவதற்கு முந்தைய ஐரோப்பாவில் லேஸ் பின்னும் பெண்களும் செருப்புத் தைப்பவர்களும் மெழுகுவர்த்திக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டை வைத்து, சிதறும் ஒளியைத் தையல் மேல் குவித்துக்கொண்டார்கள். விளக்கைப் பெரிதாக்க வழியில்லாதபோது இருக்கிற ஒளியைக் கிட்டே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் கைவிளக்கு மட்டும் எரிய, அறை இருட்டாக இருக்கக் கூடாது. மேசையைச் சுற்றியுள்ள இடத்தின் வெளிச்சம், வேலை நடக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் கண் களைக்காது என்பது விளக்குப் பொறியாளர்களின் வழக்கு.

இதுவரை நிழலை விரட்டிய நாம், சில வேலைகளுக்கு அதை அழைத்துவர வேண்டியிருக்கிறது. இழைத்து முடித்த பலகையை மேலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். பாலிஷ் போட்டு வரவேற்பறையில் வைத்த பிறகு, மாலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும்போதுதான் இழைப்புளி விட்ட வரிகள் எல்லாம் எழுந்து நிற்கும். காரணம் வெறும் முக்கோணக் கணக்கு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள மேடு, 45 பாகைக் கோணத்தில் வரும் ஒளியில் அதே அளவு நிழலைத்தான் விடும், கண்ணுக்குப் படாது. ஒளி 5 பாகையில் படிந்து வந்தால் நிழல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மேடு மாறவில்லை, அதன் அறிவிப்புப் பலகை பதினொரு மடங்கு பெரிதாகிவிட்டது.

பட்டி பார்த்த சுவரில் பெயிண்டர்கள் பல்பை ஒட்டிப் பிடித்து மேடு பள்ளம் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் சுவரில் தேய்ந்துபோன கல்வெட்டைப் படிப்பவர்கள் டார்ச்சை எழுத்துக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில் கல்லோடு கல்லாகச் சாய்த்துப் பிடிப்பதும் இதே உத்திதான். நேரே அடித்தால் வெறும் கல், சாய்த்தால் சோழன் காலத்து நிலதானம். பட்டறையில் இதற்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. மேல் விளக்கை அணைத்துவிட்டு, வளையும் கைவிளக்கைப் பலகையின் மட்டத்துக்கு இறக்கினால் போதும். மேல் விளக்குகளுக்குத் தனித்தனி ஸ்விட்ச் வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் கோத்துவிடுவது எலக்ட்ரீஷியனுக்கு வசதி, உங்களுக்கு நஷ்டம்.

உலோக வேலை செய்பவருக்குத் தலைவலி வேறு மாதிரி. பளபளப்பான ஸ்டீல் ஸ்கேலையோ வெர்னியரையோ பல்புக்கு அடியில் பிடித்தால், பல்பின் பிம்பமே ஸ்கேலில் தெரிந்து கோடுகளை அழித்துவிடும். வெளிச்சம் கூடினால் பிம்பமும் கூடும். இங்கே வேண்டியது சின்னதான கூர்மையான ஒளியல்ல, அகலமான மந்தமான ஒளி: பால் வெள்ளை அக்ரிலிக் மூடி போட்ட விளக்கு, அல்லது விளக்குக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஒரு டிரேசிங் தாள். ஸ்கேல் முழுவதும் ஒரே வெண்மையைப் பிரதிபலிக்க, செதுக்கிய கோடுகள் கறுப்பாக நிற்கும்.

விளக்கு நேரடியாகக் கண்ணில் படுவதும் கெடுதல். கண்ணுக்குள் நுழையும் கூசொளியில் ஒரு பகுதி உள்ளே சிதறி, பார்க்கும் பொருளின் மேல் மெல்லிய திரை போட்டுவிடும். 1920-களின் கடைசியில் ஹாலடே, ஸ்டைல்ஸ் ஆகியோர் கண்ட விதிப்படி, பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகும் கோணத்தை இரட்டித்தால் அந்தத் திரை நாலில் ஒன்றாக மெலியும். புரை விழத் தொடங்கிய கண்ணில் திரை இன்னும் தடிப்பு. ஆகவே மேசைக்கு எதிரே கண் மட்டத்தில் விளக்கோ, வெயில் பாயும் திறந்த கதவோ இருக்க வேண்டாம்.

அடுத்து வரப்போவது வசதியைப் பற்றியதல்ல, விரலைப் பற்றியது.

நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுழியத்தைத் தொடுவதால், அதை நேரடியாக நம்பியிருக்கும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுழலும் இயந்திரத்துக்குத் தெரியும். பழைய சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருக்கிறோம். கேமரா நொடிக்கு 24 முறை மட்டும் கண் திறந்து பார்ப்பதால் வரும் மயக்கம். மினுக்கும் விளக்கு, கேமரா இல்லாமலேயே அதைச் செய்கிறது.

லேத்தில் நான்கு தாடைச் சக் ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று, சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே அது சரியாகக் கால் சுற்று திரும்பும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை. ஒவ்வொரு மினுக்கலிலும் அதே காட்சி. சக் நின்றுபோனதாகக் கண் சொல்லும். 1,500 என்பது நான் வசதிக்காகத் தேர்ந்த எண் அல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் சுழலும் வேகமே அது. நிஜ மோட்டார் சற்றுப் பின்தங்கி 1,440-இல் ஓடும். அப்போது ஒரு மினுக்கலுக்கு 0.25 சுற்றுக்குப் பதில் 0.24 சுற்று. நூறில் ஒரு சுற்றுக் குறைவு, நொடிக்கு நூறு முறை: சக் நொடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி நிதானமாகத் திரும்புவதாகத் தெரியும். ஓசையும் காற்றும் எச்சரிக்கும் என்பது உண்மைதான். பக்கத்திலேயே தூசி உறிஞ்சியோ கம்ப்ரசரோ இரைந்துகொண்டிருந்தால் ஓசையை எங்கே பிரித்தறிவது?

இந்த மயக்கத்தையே கருவியாக்கியவர்களும் உண்டு. 1832-இல் பெல்ஜியத்தின் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் ஸ்டாம்ப்ஃபரும் தனித்தனியே கண்ட சுழல் தட்டிலிருந்து வளர்ந்த ஸ்ட்ரோபோஸ்கோப்பை, நூற்பாலைகளில் கதிர்களின் வேகத்தை அளக்கப் பயன்படுத்துகிறார்கள். மினுக்கலைக் கூட்டிக் குறைத்துக் கதிர் நின்றதுபோல் தெரியும் வேகத்தைப் படிப்பார்கள். அங்கே மயக்கம் விரும்பி வரவழைப்பது.

குண்டு பல்பில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பழுக்கக் காய்ந்த இழை, நூறில் ஒரு நொடியில் ஆறிவிடாது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டில் நன்றாகவே இருந்தது; தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றி இணைத்து, ஒன்று மங்கும்போது மற்றொன்று எரியும்படி செய்தார்கள். பிறகு எலக்ட்ரானிக் சோக் வந்து, மினுக்கலை நொடிக்குப் பல்லாயிரத்துக்கு ஏற்றிக் கவலையைத் தீர்த்தது. 1989-இல் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழு ஓர் அலுவலகத்தில் பழைய சோக்கை இந்த வகைக்கு மாற்றிப் பார்த்தபோது, ஊழியர்களின் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கு மேல் குறைந்தன. கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் மூளைக்குத் தெரியாமல் போகவில்லை.

எல்.இ.டி. வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். எல்.இ.டி.யோ மின்னோட்டம் போகும் பாதையில் அப்படியே போகும். ஆற இழையும் இல்லை. அதைச் சீராக எரியவைப்பது உள்ளே இருக்கும் டிரைவர். நல்ல டிரைவரில் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர் இருக்கும். விலையைக் குறைக்க முதலில் பலியாவதும் அதுதான். சமன்செய்யாத விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறக்குறைய அணைந்தே எரிகிறது. அமெரிக்க மின்பொறியாளர் அமைப்பின் ஐ.இ.இ.இ. 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. பெட்டியில் இந்த எண் இருக்காது. சோதனை சுலபம். விளக்குக்கு அடியில், கறுப்புப் பின்னணிக்கு எதிரே ஒரு வெள்ளைப் பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே புகைபோல் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்கள் விசிறியாக விரிந்தால் அதைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கடையிலேயே செய்யலாம், கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

நம் ஊர்ப் பட்டறைக்கு மட்டும் உரிய இன்னொரு மினுக்கலும் உண்டு. சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் மேசை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கை ஃபேன் மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும், அல்லது ஃபேனைச் சுவருக்கு மாற்ற வேண்டும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் ஒரு நீல எல்.இ.டி.; அந்த நீலத்தைக் கண்டதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு. அதன் மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளை. இதில் சிவப்பு இளைத்துவிடுகிறது. பெட்டியில் ‘சி.ஆர்.ஐ. 80’ என்று போட்டிருப்பது எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் பார்த்த சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கென்று ஒன்பதாவதாகத் தனி எண் வைத்திருக்கிறார்கள், மலிவு விளக்குகளில் அது சுழியத்தை ஒட்டி இருப்பதும் உண்டு. அறுப்பதற்கும் துளைப்பதற்கும் இது பொருட்டே இல்லை. தேக்குக்குப் பாலிஷ் நிறம் கூட்டுபவருக்கும், ரெசிஸ்டரில் பழுப்பா சிவப்பா ஆரஞ்சா என்று கோடு படிப்பவருக்கும் மேசை விளக்கு மட்டுமாவது சி.ஆர்.ஐ. 90 வேண்டும். 4,000 கெல்வின் அருகே உள்ள வெள்ளை எனக்குப் பிடித்தது. கடைகளில் வெள்ளை என்று கேட்டாலே கிடைக்கும் 6,500 கெல்வின் மரத்தின் சூட்டைக் கொன்றுவிடுகிறது. ருசி சம்பந்தப்பட்ட விஷயம், வற்புறுத்த மாட்டேன்.

இவ்வளவு விளக்குக் கணக்கும் போட்ட பிறகு, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு என்ன தரும் என்று பார்த்தால் சற்று வெட்கமாக இருக்கும். 25-க்கு 40 சென்டிமீட்டர் ஓடு பத்தில் ஒரு சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். உள்ளே நுழைவது 10,000 லூமென். ஐந்து டியூப்லைட், மின்கட்டணம் இல்லாமல். சிக்கல் என்னவென்றால் அது அத்தனையும் ஒரே சதுரமாக விழுந்து தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு அறையின் மற்ற இடம் இருட்டு. கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளை பூசினாலோ பால் நிறப் பாலிகார்பனேட் தகடு போட்டாலோ பாதி ஒளி போனாலும் மீதி அறை முழுக்கப் பரவும்.

பட்டறைச் சன்னல் வடக்கே இருக்கட்டும் என்பது ஐரோப்பியப் புத்தகங்களின் அறிவுரை. ரம்பப் பல் கூரையோடு கட்டிய ஆலைகளும் வடக்கேதான் கண்ணாடி வைத்தன. நேர் வெயில் வராமல் வானத்தின் சீரான ஒளி மட்டும் வரும் என்பதால். லண்டனில் இது ஆண்டு முழுக்கச் செல்லும் என்று சொல்லலாம், கோடையின் காலை மாலை நீங்கலாக. நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் அடிக்கும். ஆனாலும் கிழக்கு, மேற்குச் சன்னல்களைவிட வடக்கு நல்லது. வெயில் உயரத்திலிருந்து வருவதால் ஒன்றரை அடிச் சன்ஷேட் பெரும்பாலும் தடுத்துவிடும்.

கடைசியாக வயரிங். விளக்குகளும் இயந்திரங்களும் ஒரே சர்க்கியூட்டில் இருக்கக் கூடாது. ரம்பத்தில் பலகை சிக்கி மோட்டார் திணறினால் எம்.சி.பி. விழும், விளக்கும் சேர்ந்து அணையும். கையிருப்பது இருட்டில், ரம்பத் தகடு இன்னும் சில நொடி சுழலும். தனிச் சர்க்கியூட் இதைத் தீர்க்கிறது. மின்வெட்டை அது தீர்க்காது. விளக்குகளில் ஒன்றையாவது வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாம், அல்லது மின்சாரம் போனதும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கை ரம்பத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். தகரக் கூரையை ஒட்டி விளக்கை மாட்டாமல் ஓர் அடி இறக்கினால், மே மாதச் சூட்டில் டிரைவர் கெபாசிட்டர்கள் சீக்கிரம் வறண்டு போகாமல் தப்பும். மரத்தூள் பறக்கும் இடமென்றால் ஐ.பி. 65 என்று குறித்த, தூசி புகாத மூடி போட்ட வகையை வாங்குங்கள். அதையும் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

மின்சாரம் போனால் நாம் விளக்கைத் தேடி வெளியே போவோம், ரம்பத்தின் ஸ்விட்சை அணைக்க மறப்போம். மின்சாரம் திரும்பியதும் விளக்கும் ரம்பமும் ஒரே நொடியில் உயிர் பெறும். இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் விற்கிறது: மின்சாரம் போனதும் தானே விழுந்துவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் மோட்டார் கிளம்பும். நோ-வோல்ட் ஸ்விட்ச் என்று கேளுங்கள். விளக்குப் பட்டியலின் கடைசி வரியில் அதையும் எழுதிவையுங்கள்.